இல்லத் தூய்மையும் உத்தம சௌசமும்



தீபாவளி நெருங்குகிறது என்பதை நம் இல்லங்களில் முதலில் அறிவிப்பது துடைப்பத்தின் ஓசையே. பகவான் மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய அத்திருநாளில் நாம் விளக்கேற்றி வழிபடுகிறோம். விளக்கேற்றும் இல்லம் தூய்மையாக இருத்தல் வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் அத்தூய்மையை யார் கையால் பெறுகிறோம், எம்முறையில் பெறுகிறோம், அதனால் விளையும் வினை யாரைச் சாரும் என்னும் வினாக்களை நாம் எழுப்பிக்கொள்வதில்லை. அவற்றையே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

காலத்தின் மாற்றம்

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் நம் குடும்பங்கள் கூட்டாக வாழ்ந்த நாளில் இல்லத் தூய்மை ஒரு தனிச் சிக்கலாக இருந்ததில்லை. மாமியார் வாசல் தெளிப்பார். மருமகள் கூடத்தை மெழுகுவார். சிறுவர்கள் தோட்டத்துச் சருகை வாரிக் குப்பைக்குழியில் இடுவர். ஒரு வீட்டுக்குப் பத்துக் கைகள் இருந்தன. பின்னர்க் கல்வியும் உத்தியோகமும் நம்மைப் பல ஊர்களுக்குப் பிரித்து அனுப்பின. சேர்வராயன் மலையின் அடிவாரத்தை ஒட்டிய இக்கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்களைப் போல் வந்து தங்கியோரும் உளர். பிள்ளைகள் பெங்களூரிலோ கடல் கடந்தோ வாழ, முதியோர் இருவர் மட்டும் மூன்று அறை வீட்டில் இருக்கின்றனர். வீடு பெரிதாயிற்று, கைகள் குறைந்தன, இருக்கின்ற கைகளும் முழங்காலும் முன்போல் வளைவதில்லை.

இக்குறையை நிரப்பவே இல்லத் துப்புரவு நிறுவனங்கள் தோன்றியுள்ளன. தொலைபேசியில் நாள் குறித்தால், குறித்த நேரத்தில் ஆட்கள் வேக்குவம் கிளீனர், மாப், திரவப் புட்டிகள் ஆகியவற்றுடன் வந்து இறங்குகின்றனர். கட்டணம் அறைக் கணக்கிலோ மணிக் கணக்கிலோ அமைகிறது. பெருநகரங்களில் இதன் வேகம் வியப்பளிக்கிறது. 2014-இல் அர்பன் கிளாப் என்னும் பெயரில் தொடங்கி, 2020 முதல் அர்பன் கம்பெனி என்று வழங்கும் நிறுவனம், 2025 மார்ச்சு மாதத்தில் மும்பையில், அழைத்த 15 நிமிடத்தில் வீட்டுப் பணியாளரை அனுப்பும் சேவையைத் தொடங்கியது. தொடக்கச் சலுகை மணிக்கு 49 ரூபாய். பணியாளர்க்கு அதைவிடக் கூடுதலாகவே தருவதாக நிறுவனம் கூறியது. எனினும் வேலைக்காரி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அச்சேவைக்குப் பெயராக இட்டிருந்தமையால் கண்டனம் எழுந்தது. 'இன்ஸ்டா ஹெல்ப்' என்று பெயரை மாற்றினர். பெயரை மாற்றுதல் எளிது. அழைக்கும் நம் மனம் எத்தகையது என்பதே அறநூல் கேட்கும் கேள்வி.

முதுமையில் பிறர் உதவியைப் பெறுதல் குற்றமன்று. கூலி கொடுத்துப் பணி பெறுதலும் குற்றமன்று. இல்லறத்தார்க்கு இது இயல்பே. ஆனால் கூலி கொடுத்ததோடு நம் பொறுப்பு முடிந்துவிடுகிறதா? முடியவில்லை என்பதை எங்கள் இல்லத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியே எங்களுக்கு உணர்த்தியது. பிழை எங்களுடையது ஆதலின் அதனை மறையாது கூறுகிறோம்.

எங்கள் இல்லத்தில் நிகழ்ந்தது

சென்ற தீபாவளிக்குப் பத்து நாள் முன்னர், மகன் வெளியூரில் இருந்தவாறே ஏற்பாடு செய்ய, இரண்டு பெண்களும் ஓர் இளைஞரும் காலை ஒன்பது மணிக்கு வந்தனர். மின்விசிறிகள், சன்னல் கம்பிகள், சமையல் மேடை, குளியலறை, கழிவறை ஆகிய அனைத்தையும் ஐந்து மணி நேரத்திற்குள் முடித்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிகுந்தது. குளியலறைத் தரையிலும் குழாயடியிலும் வெண்கறை படிந்திருந்தது. அதனைப் போக்க ஆசிட் புட்டி ஒன்றை முன்னரே வாங்கி வைத்திருந்தோம். அதனை மூத்த பெண்ணின் கையில் கொடுத்து, "கறை சுத்தமாகப் போகவேண்டும்" என்றோம். சமையலறைக்குச் சென்ற இளைஞரிடம், "மேடைக்கடியில் எறும்பு நிறைய இருக்கிறது, கொஞ்சம் பாரப்பா" என்றோம். பின்னர்த் திண்ணையில் அமர்ந்து சாத்திரம் வாசிக்கத் தொடங்கினோம்.

பிற்பகல் ஒரு மணி அளவில் உள்ளே சென்றபோது, அந்த மூத்த பெண் பின்கட்டுக் குழாயடியில் குந்தியிருந்தார். கண்கள் சிவந்து, இருமல் நில்லாமல் வந்துகொண்டிருந்தது. இரு கைகளையும் குவித்துக் குழாய் நீரைக் குடித்தார்.

"ஏன் கண்ணு, காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லையா?" என்று கேட்டோம்.

"கேட்டாக் கோவிச்சுக்குவாங்களோன்னு எந்த வீட்டுலயும் கேக்கறதில்லைங்கம்மா. நேரமும் போயிருமுங்க" என்றார்.

மேலும் கேட்டபோது, தாம் கழுவிய கழிவறையைத் தாமே பயன்படுத்துவதற்கு ஒப்பாத வீடுகள் உண்டு என்றும், ஆதலின் வேலைக்கு வரும் நாளில் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது என்றும் கூறினார். அதனை அவர் குறையாகச் சொல்லவில்லை. பேருந்து நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

சமையலறையில் எறும்பு இல்லை. மேடைக்கடியில் மருந்தின் நெடி இருந்தது; முறத்தில் கரிய பொடிபோல் ஒரு குவியல் இருந்தது. "பாரப்பா" என்று நாங்கள் சொன்ன சொல்லை அவ்விளைஞர் வேறு எவ்வாறு புரிந்துகொள்வார்?

அன்று மாலை சாமாயிகத்தில் அமர்ந்து, அஹிம்சை அணுவிரதத்தின் குற்றங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கையில் நான்காவதிலும் ஐந்தாவதிலும் எங்களால் கடந்து செல்ல இயலவில்லை.

ஐந்து குற்றங்கள்

ஆசாரியர் உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் அஹிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள், அஃதாவது வரம்பு மீறல்கள், கூறப்பட்டுள்ளன. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. ஆசாரியர் சமந்தபத்திரர் இயற்றிய ரத்தின கரண்டக சிராவகாசாரத்திலும் இவ்வைந்தும் உண்டு. நம்மிற் பலர் இவற்றைச் சிறு வயதிலேயே பாடம் செய்தவர்கள். ஆனால் இவை வண்டிக் காளைக்கும் கட்டுத்தறிப் பசுவுக்கும் உரியவை என்ற எண்ணத்திலேயே ஓதி வந்திருக்கிறோம். வண்டியும் மாடும் நம் இல்லங்களை விட்டு நீங்கிய பின்னர், இவ்விரதத்தை நாம் குற்றமின்றிக் காப்பதாகவே கருதிக்கொண்டோம்.

அவ்வாறு கருதுவதற்கு இடமில்லை. மூவர் ஒரு நாளில் செய்யும் பணியை ஐந்து மணிக்குள் முடிக்கச் சொல்லுதல் அதிபாரம் ஏற்றுதலே. பணி செய்வோர் அருகில் நீர்க்குடம் வையாது, அவர் கேட்கட்டும் என்றிருத்தல் அன்னபான நிரோதமே. கையால் பிடித்துத் தடுத்தால்தான் தடுத்தல் என்பதில்லை. கேட்க இயலாத நிலையில் ஒருவரை நிறுத்தி வைத்தாலும் தடுத்தலே ஆகும். நாங்கள் திண்ணையில் அமர்ந்து அறநூலை வாசித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், அந்நூல் விலக்கிய குற்றம் பின்கட்டில் நிகழ்ந்துகொண்டிருந்தது.

நூற்றெட்டு வாயில்கள்

"நாங்கள் எறும்பைக் கொல்லவில்லையே, மருந்தடித்தவர் வேறொருவர்" என்று கூறித் தப்ப இயலுமா? இதற்கு விடை அதே நூலின் ஆறாம் அத்தியாயத்தில் உள்ளது. வினை உயிரினிடம் வந்து ஊறும் வழிகளை ஆசாரியர் கணக்கிட்டுக் காட்டுகிறார். ஆசிரியப் பணியில் இருந்தோர்க்குக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால்தான் மனம் நிறையும். ஆகவே இங்கும் எழுதிக் காட்டுகிறோம்.

மனம், மொழி, மெய் என மூன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று. இவற்றையே கிருதம், காரிதம், அனுமோதனம் என்பர். செய்ய எண்ணித் துணிதலாகிய சம்ரம்பம், அதற்குரிய கருவிகளைத் திரட்டுதலாகிய சமாரம்பம், செயலைத் தொடங்குதலாகிய ஆரம்பம் என மூன்று. வெகுளி, செருக்கு, வஞ்சம், உலோபம் என்னும் கஷாயங்கள் நான்கு. 3 × 3 × 3 × 4 = 108. நம் ஜபமாலையில் மணிகள் 108 இருப்பதற்கு இதனையே காரணமாகப் பெரியோர் கூறுவர்.

இக்கணக்கை எங்கள் நிகழ்ச்சிக்குப் பொருத்திப் பாருங்கள். வீட்டில் ஓர் எறும்பும் இருத்தலாகாது என்று எண்ணியது மனத்தின் சம்ரம்பம். கடைக்குச் சென்று ஆசிட் புட்டி வாங்கியது மெய்யின் சமாரம்பம். "பாரப்பா" என்றது மொழியால் செய்வித்தல். மேடை பளிச்சிட்டதைக் கண்டு அகமகிழ்ந்தது உடன்படுதல். எங்கள் கை துடைப்பத்தைத் தொடவே இல்லை. ஆயினும் வாயில்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கூலி கொடுத்தால் வேலை கைமாறும், வினை கைமாறாது.

இதனைக் கேட்டு மனம் சோர்ந்து, "அப்படியாயின் வீட்டைக் கூட்டாமலே விட்டுவிடலாமா?" என்று சிலர் வினவுவர். அதுவும் அறமன்று. கருதிச் செய்யும் கொலையாகிய சங்கல்ப ஹிம்சையை இல்லறத்தார் அறவே நீக்க வேண்டும். சமைத்தல், கூட்டுதல் முதலிய இல்லப் பணிகளில் நேரும் ஆரம்ப ஹிம்சையை முற்றும் நீக்க இயலாது. விழிப்பினால் குறைக்க வேண்டும். உண்மையில், நாள்தோறும் செய்யும் தூய்மையே பெரிய அஹிம்சை. சிந்திய சர்க்கரையை உடனே துடைத்தால் எறும்பு வாராது. வாராத எறும்பைக் கொல்ல வேண்டிய நிலையும் வாராது. மாதக்கணக்கில் சேரவிட்டு ஒரே நாளில் போர் தொடுப்பது போல் தூய்மை செய்வதனால்தான் உயிர்க்கேடு பெருகுகிறது.

சௌசம் என்பது யாது?

தசலக்ஷண பருவத்தில் நாம் போற்றும் பத்து அறங்களுள் உத்தம சௌசமும் ஒன்று. சௌசம் என்றால் தூய்மை. ஆனால் இத்தூய்மைக்கு நம் ஆசாரியர்கள் கூறிய பொருளைக் கவனியுங்கள்: நீராடுதலை அவர்கள் கூறவில்லை, தரை கழுவுதலைக் கூறவில்லை, உலோபம் நீங்குதலையே சௌசம் என்றனர். உள்ளத்தில் படியும் அழுக்குகளில் பேராசையே நீங்குதற்கு அரியது என்று அவர்கள் கண்டனர்.

இப்பொருளை மனத்தில் கொண்டால், துப்புரவுச் சேவையை அழைக்கும்போது நாம் நடந்துகொள்ளும் முறை எத்தகைய அழுக்குடையது என்பது விளங்கும். ஆயிரம் ரூபாய் சொன்னால் எழுநூறுக்குப் பேரம் பேசுகிறோம். பேசிய வேலை முடிந்தபின், "அப்படியே பரணையும் ஒரு கை பார்த்துவிடு" என்கிறோம். நேரம் முடிந்து அவர்கள் புறப்படும்போது குறை கண்டுபிடித்து, கைபேசியில் நட்சத்திரத்தைக் குறைத்துக் குறிக்கிறோம். அதனால் அவர்தம் அடுத்த நாள் பிழைப்புக்குக் கேடு வரும் என்று எண்ணுவதில்லை. பளிங்குபோல் தரை மின்னுகிறது. அத்தரைமேல் நின்று பார்த்தால் உள்ளத்தின் உலோபம் அப்படியே இருக்கிறது. அவ்வீட்டில் சௌசம் இல்லை.

இதனினும் கொடிய அழுக்கு ஒன்று உண்டு. துப்புரவு செய்வோரைப் பிறப்பினால் தாழ்ந்தவர் என்று எண்ணி, தனிக் குவளை வைத்தலும், நாற்காலியில் அமரவிடாமையும், பின்வாசல் வழியே வரச்செய்தலும் இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை. நற்காட்சியைக் கெடுக்கும் எட்டு மதங்களுள், அஃதாவது செருக்குகளுள், குலமதமும் ஜாதிமதமும் எண்ணப்பட்டுள்ளன. நற்காட்சி கெட்டால் ஞானமும் ஒழுக்கமும் நிலைபெறா. எத்தனை முறை கழுவினாலும், தனிக் குவளை வைத்த வீடு தூய்மையான வீடு ஆகாது.

எங்கள் ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் விடுதிக் கழிவறையை மாணவியர் முறைவைத்துத் தாமே கழுவுதல் விதியாக இருந்தது. முதல் வாரம் அழுதவர்கள் உண்டு. அப்பயிற்சி எங்களுக்குக் கற்பித்தது ஒன்றே: அவ்வேலையைத் தன் கையால் ஒரு முறையேனும் செய்தவர், அதனைச் செய்யும் பிறரை இழிவாக நோக்கமாட்டார். நம் இல்லத்து ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் இதனை நாமே கற்பித்தல் நலம்.

துறவியர் காட்டும் வழி

திகம்பர முனிவர்கள் வீட்டைத் துறந்தவர்கள், பொருளைத் துறந்தவர்கள். ஆயினும் பிஞ்சி என்னும் மயிற்பீலிக் கற்றையைத் துறப்பதில்லை. அமரும் இடத்தையும், நூலை வைக்கும் இடத்தையும் அதனால் மெல்லத் தடவி, அங்குள்ள சிற்றுயிரை விலக்கிய பின்னரே அமர்வர். மயில் தானாக உதிர்த்த பீலியாலேயே அது ஆக்கப்படும். தூசியைப் பற்றாமை, வியர்வையை ஏற்காமை, மென்மை, குழைவு, இலேசாயிருத்தல் என அதற்கு ஐந்து குணங்கள் மூலாசாரத்தில் கூறப்பட்டுள்ளன. உலகில் துடைப்பத்தைத் தவத்தின் அடையாளமாக ஏந்தும் துறவியர் நம் துறவியர். அக்கருவி இடத்தைத் துப்புரவு செய்கிறது. ஆனால் அதன் நோக்கம் உயிரைக் காத்தல். நம் வீட்டுத் துடைப்பத்திற்கும் அதுவே நோக்கமாகட்டும்.

மேலும், பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்பாக இருத்தல், கழிவை உயிரற்ற இடம் நோக்கி விடுதல் ஆகியவற்றை ஐந்து சமிதிகளுள் இரண்டாக முனிவர்க்கு விதித்துள்ளனர். இல்லறத்தார் இவற்றை இயன்ற அளவு பின்பற்றினால் போதும்.

இல்லத்தார் கடைப்பிடிக்கத் தக்கவை

அனுபவத்தாலும் சாத்திரத்தாலும் நாங்கள் தெளிந்த சிலவற்றை இங்குத் தொகுத்துக் கூறுகிறோம்.

முதலாவது, ஆளை அழைக்கும்போதே நம் நெறியைச் சொல்லிவிடுதல் வேண்டும். "எங்கள் வீட்டில் பூச்சிமருந்து அடிக்கலாகாது, ஆசிட் பயன்படுத்தலாகாது" என்று தெளிவாகக் கூறுக. பூச்சிமருந்து இலவசம் என்று சேர்த்துத் தந்தாலும் மறுத்துவிடுக. சொல்லாமல் விட்டு, நடந்தபின் வருந்துதல் உடன்படுதலே.

இரண்டாவது, ஆசிட் உயிர்க்கும் உடலுக்கும் கேடு. கழிவறைக்கு விற்கும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலமே. அதனையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றினால் குளோரின் என்னும் நச்சுவாயு எழுந்து, மூடிய குளியலறையில் நிற்பவரின் நுரையீரலைத் தாக்கும். உப்புக்கறைக்கு எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட்டுத் தேய்த்தல் போதும். அதுவும் அமிலமே, ஆனால் கையைப் பொசுக்காது, மூச்சைத் திணறச் செய்யாது. கறை முழுதும் போகாதிருக்கலாம், போகாவிடில் குற்றமில்லை.

மூன்றாவது, ஆட்கள் வருவதற்கு முதல் நாளே நாம் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. மேடையடி, அலமாரி, மூலை ஆகியவற்றைப் பார்த்து, இனிப்பும் எண்ணெயும் சிந்திய இடத்தை உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் எறும்புச் சாரை தானே விலகும். சிலந்தியை ஒரு தாளில் ஏற்றி வெளியே விடலாம். வேக்குவம் கிளீனர் சிற்றுயிரையும் தூசியோடு உறிஞ்சிவிடும். ஆதலின் முதலில் பூந்துடைப்பத்தால் மெல்லக் கூட்டிய பின்னரே அதனைப் பயன்படுத்தச் சொல்க. கொதிநீரைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றலாகாது, ஆறவிட்டு ஊற்றுக.

நான்காவது, தேங்கிய நீர் உயிர் பிறக்கும் இடம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வருவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். தொட்டிகளை மூடி வைத்து, பூந்தொட்டித் தட்டுகளை வாரம் ஒருமுறை உலர்த்தினால், பிறந்த உயிரை மருந்தடித்து மாய்க்கும் நிலை வாராது. நீரை வடிகட்டிப் பயன்படுத்தும் நம் நல்வழக்கத்தின் நீட்சியே இது.

ஐந்தாவது, பணியைப் பகலிலேயே முடித்தல் வேண்டும். இரவு உண்ணாமையை ஏன் விதித்தார்களோ, அக்காரணம் இரவில் கூட்டுதலுக்கும் பொருந்தும். விளக்கொளியில் சிற்றுயிர் கண்ணுக்குப் புலப்படாது. பணி செய்யும் பெண்கள் பொழுதோடு வீடு திரும்புதலும் நலமே.

ஆறாவது, வந்தவர்க்கு முதலில் நீர் கொடுக்க; கேட்கும்வரை காத்திருத்தல் கூடாது. உணவு நேரத்தில் மின்விசிறியின் கீழ் அமரச் செய்து உணவளிக்க. கழிவறை எது என்று நாமே காட்டுக. கடைகளில் நின்று பணிபுரிவோர்க்கு இருக்கை தருதல் வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே திருத்தப்பட்டது. அரசு சட்டத்தால் செய்விப்பதை நாம் அறத்தால் செய்யலாகாதா?

ஏழாவது, பேரம் பேசாமல் ஒப்பிய கூலியை அன்றே தருக. பேசாத வேலையைச் சேர்த்துச் செய்விக்கலாகாது. செய்வித்தால் அதற்குத் தனியே கொடுக்க. நாள்தோறும் வந்து போகும் பணிப்பெண் ஒருவர் உள்ள இல்லத்தார், 2007-இல் தமிழ்நாட்டில் அமைக்கப்பெற்ற வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் அவர் பெயரைப் பதிவு செய்ய உதவுதல் சிறந்த தானம். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் நம் வீட்டில் இருக்கின்றனர். அவர் வீட்டில் இல்லாதிருக்கலாம்.

எட்டாவது, மிக இன்றியமையாதது. செப்டிக் டேங்க் நிறைந்தால் ஒரு மனிதரை அதனுள் இறக்குதல் எக்காரணத்தாலும் கூடாது. உள்ளே தேங்கும் வாயு நொடியில் உயிரைக் குடிக்கும். காப்பாற்ற இறங்குபவரையும் குடிக்கும். பாதுகாப்புச் சாதனமின்றி மனிதரைக் கொண்டு தூய்மை செய்விப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. பாதாளச் சாக்கடையில் இறந்தோர் குடும்பத்திற்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இத்துணைக்குப் பின்னும் இறப்புகள் நின்றபாடில்லை. நீர் உறிஞ்சும் லாரியை அழைக்கச் செலவு கூடுதல் என்று எண்ணி ஓர் ஆளை இறக்குவோமாயின், அது ஆரம்ப ஹிம்சை என்று சொல்லி ஆறுதல் பெற இயலாது. எறும்புக்கு இரங்கும் நாம் ஐம்பொறியும் மனமும் உடைய உயிரைச் சில நூறு ரூபாய்க்குப் பணயம் வைத்தல் தகுமோ?

இறுதியாக, இல்லத்தில் ஒரு பகுதியையேனும் நம் கையாலேயே தூய்மை செய்வோம். பூசையறை, நாம் உண்ட தட்டு, நாம் படுத்த படுக்கை ஆகிய இவ்வளவேனும் இயலும். முழங்கால் வளையாதவர் அமர்ந்தபடியே ஒரு விளக்கைத் துலக்கலாம்.

மீண்டும் வந்தபோது

பொங்கலுக்கு முன்னர் அதே மூவரை மீண்டும் அழைத்தோம். அதே நேரம் போதாது என்று உணர்ந்து, பணியை இரண்டு நாளாகப் பிரித்து, இரண்டு நாள் கூலி கொடுத்தோம். வந்ததும் மோர் கொடுத்தோம். பகல் உணவை எல்லோரும் கூடத்திலேயே அமர்ந்து உண்டோம். அந்த மூத்த பெண் முதல் நாள் நாற்காலியின் விளிம்பிலேயே அமர்ந்திருந்தார். மறுநாள் சற்று நன்றாகச் சாய்ந்து அமர்ந்தார். எங்களுக்குக் கிடைத்த நற்சான்று அதுவே. முன்னர் நேர்ந்ததற்கு வருந்துவதாகச் சொன்னோம். "அதெல்லாம் எதுக்குங்கம்மா" என்றார். அவர் பொறுத்துக்கொண்டதனால் எங்கள் குற்றம் இல்லாமற் போய்விடாது. இனிச் செய்யாதிருத்தலே அதற்குக் கழுவாய்.

குளியலறைத் தரையில் வெண்கறை இன்னும் சிறிது இருக்கிறது. வரும் விருந்தினர் சிலர் அதனைப் பார்க்கின்றனர். பார்க்கட்டும். மேடைக்கடியில் எறும்புகள் மீண்டும் வந்துவிட்டன. நாள்தோறும் துடைத்து வருகிறோம்.

அன்பர்களே, வரும் தீபாவளிக்கு நம் இல்லங்களைத் தூய்மை செய்யும்போது, தரையைப் பார்ப்பதற்கு முன்னர் அதனைத் துடைக்கும் கையைப் பார்ப்போம். அக்கையில் புண் இல்லை, அவ்வயிற்றில் பசி இல்லை, அவ்வுள்ளத்தில் தாழ்வு இல்லை என்று அறிந்த பின்னர் விளக்கேற்றுவோம். பகவான் வீடுபேறு எய்திய நாளுக்கு அதுவே தகுந்த தூய்மை.

அஹிம்சை ஓங்குக! அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புறுக!